காவிரி டெல்டாவில் யாரை நம்பி யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பிள்ளைகள், புதிதாக விவசாயத்தில் இறங்கிய இளைஞர்கள், லீவுக்கு ஊர்ப்பக்கம் வரும் சென்னைக்காரர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பாடப்புத்தக வரிசையை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

சூழல் மண்டலம் என்றால் காடுதானே? நெல்வயல் எப்படி அதில் சேரும்?

தாராளமாகச் சேரும். ஓரிடத்தில் வாழும் உயிர்கள், அவற்றோடு அங்கிருக்கும் மண், நீர், வெயில், உப்பு எல்லாம் சேர்ந்து இயங்கும் தொகுதிக்குத்தான் அந்தப் பெயர். 1935-இல் ஆர்தர் டான்ஸ்லி என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் இதற்கொரு பெயர் வைத்தார். உயிருள்ளதையும் உயிரற்றதையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க முடியாது என்பது அவர் வாதம். நம் பக்கத்தில் திணை வகுத்தவர்களும் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக்கி, அந்தந்த நிலத்து உணவு, விலங்கு, மரம், பறவை எல்லாவற்றையும் கருப்பொருளாகச் சேர்த்தார்கள். மருதமும் நெய்தலும் ஒட்டிக் கிடக்கும் டெல்டாவைப் பார்க்க அந்த முறை இன்றைக்கும் கைகொடுக்கிறது.

வயலை மனிதன்தான் உண்டாக்கினான், சரி. ஆனால் நடவு முடித்துக் கரையேறிய பிறகு அந்தத் தண்ணீருக்குள் நடப்பது எதற்கும் அவன் உத்தரவு தேவைப்படுவதில்லை.

தனி உயிர், இனத்தொகை, குழுமம் என்று பாடத்தில் அடுக்குகிறார்களே, அது என்ன?

ஒரு தவளை தனி உயிர். உங்கள் வாய்க்காலில் உள்ள அதே இனத் தவளைகள் மொத்தமும் ஓர் இனத்தொகை. அந்தத் தவளைகளோடு மீன், நண்டு, தட்டான், பாசி, கோரை எல்லாம் சேர்ந்தால் குழுமம். குழுமத்தோடு நீரும் சேறும் வெயிலும் சேர்ந்தால் சூழல் மண்டலம். உலகத்துச் சூழல் மண்டலங்கள் அத்தனையும் சேர்ந்தது உயிர்க்கோளம். தேர்வுக்கு இவ்வளவு போதும்.

அப்படியென்றால் டெல்டாவில் இத்தனை உயிர்களையும் ஒழுங்குபடுத்தி வைப்பது எது?

தண்ணீர் வரும் நேரம். என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மேட்டூர் அணை 1934-இல் வந்தது. ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 அடைப்பு என்பது வழக்கம். தண்ணீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, அரசலாறு, வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு என்று கிளைத்து, பாசனத்தின் கடைசிப் பகுதியான கடைமடைக்குப் போய்ச் சேரும். முதல் தண்ணீர் வாய்க்காலில் தலைகாட்டியதும் சேற்றுக்குள் ஒடுங்கிக் கிடந்த நத்தைகள் விழிக்கும். குளத்தில் மிஞ்சியிருந்த கெண்டையும் கெளுத்தியும் எதிர்நீச்சல் போட்டு வயலுக்கு ஏறும். ஏத்துமீன் பிடிக்கப் பையன்கள் மதகடியில் ஊத்தா என்ற மீன்பிடிக் கூடையோடு நிற்பது அப்போதுதான். வயல்நீர் ஆழமில்லாமல் வெதுவெதுப்பாக, பெரிய மீன்களின் தொல்லை குறைவாக இருப்பதால் குஞ்சு வளர்க்க நல்ல இடம்.

குறுகிய காலப் பயிரான குறுவையின் அறுப்பு முடிந்து, அதே வயலில் இரண்டாவதாக நடும் தாளடியும், வளர்ந்து நிற்கும் நீண்ட காலச் சம்பாவும் ஒன்றாக இருக்கும்போது வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிறையும், தவளை கத்தும், பூச்சி பெருகும். குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நாரையும் கொக்கும் கூடு கட்டுவது அந்தக் கணக்கில்தான். தை, மாசியில் தண்ணீர் வடிந்ததும் உளுந்து தலையெடுக்கும். பங்குனியில் ஆட்டுக்கிடை வந்துவிடும்.

அணை திறப்பது ஒரு மாதம் தள்ளிப்போனால் குறுவை போச்சு என்றுதான் பேசுகிறோம். மீன் சினைக்கும் அது தவறிய பருவம்தான் என்பது எந்தச் செய்தியிலும் வருவதில்லை.

உணவுச் சங்கிலியில் மேலே போகப்போக எண்ணிக்கை ஏன் குறைகிறது?

ஒவ்வொரு படியிலும் சக்தி செலவாகிவிடுவதால். நெற்பயிர் பிடித்து வைக்கும் வெயிலில் கணிசமான பங்கை அதுவே மூச்சுவிடச் செலவழிக்கிறது. அதைத் தின்னும் வெட்டுக்கிளி தின்றதெல்லாம் உடம்பாகாது. கழிவாகவும் வெப்பமாகவும் போகும். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தோராயமாகப் பத்தில் ஒரு பங்குதான் ஏறுகிறது. 1942-இல் ரேமண்ட் லிண்டமன் என்ற அமெரிக்கர் ஓர் ஏரியை ஆராய்ந்து இந்தப் பார்வைக்கு அடித்தளம் போட்டார். பத்தில் ஒன்று என்பது கைக்கணக்கு. இடத்துக்கு இடம் மாறும்.

ஆயிரக்கணக்கில் வெட்டுக்கிளி இருக்கும் வயலில் கரிச்சான் நாலைந்துதான் இருக்கும், வல்லூறு எப்போதாவது ஒன்று தென்படும். மேல்படியில் உள்ளவை இப்படிச் சொற்பமாக இருப்பதால் அவற்றில் கொஞ்சம் குறைந்தாலும் கீழே உடனே தெரிந்துவிடும்.

மூன்று தடவை மருந்து அடித்தும் புகையான் அடங்கவில்லை. ஏன்?

டெல்டாவில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பதில் சற்று நீளம்.

ஒரு குத்தை, அதாவது சேர்ந்து வளரும் ஒரு நெற்பயிர்க் கொத்தை, லேசாக விலக்கித் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாருங்கள். பழுப்பு நிறத்தில், அரிசியை விடச் சிறிதாக, தூர் எனும் அடித்தண்டோடு ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சுவதுதான் புகையான். பக்கத்திலேயே பச்சை நிறத்தில் மெலிந்த இன்னொரு பூச்சி தூரில் மேலும் கீழும் அலையும். அது நாவாய்ப்பூச்சி இனம். பெயரைக் கேட்டதும் கதிர்நாவாய்ப்பூச்சி என்று பயந்துவிடாதீர்கள். இது தேடித் தின்பது புகையானின் முட்டையை. தண்ணீரின் மேல் ஓடும் சிலந்தி குஞ்சையும் தாயையும் பிடிக்கும். பொறிவண்டும் ஊசித்தட்டானும் தங்கள் பங்குக்கு வேலை பார்க்கும். மருந்து அடிக்காத வயலில் பெரும்பாலான நாள் இந்தக் கூட்டமே புகையானை அடக்கி வைத்துவிடுகிறது.

இப்போது மருந்து அடிக்கிறீர்கள். இலைமேல் படும் மருந்தில் சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் முதலில் சாகும். புகையான் தூரடியில் இருப்பதால் பாதிக்கு மேல் தப்பும். அதன் முட்டை இலையுறைத் திசுவுக்குள் செருகியிருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சு பொரிக்கும்போது தின்பதற்கு ஆளே இல்லை. அடுத்த தலைமுறை முன்னைவிடப் பெரிதாக வருகிறது. பைரித்ராய்டு வகை மருந்துகளில் இது இன்னும் மோசம். நெல்லில் புகையான் தெரிந்தால் அவற்றைத் தொடக்கூடாது என்று வேளாண் பல்கலைக்கழகமே சொல்கிறது. யூரியா கூடினாலும் பயிரின் சாறு அதற்கு வாகாகிவிடும்.

இந்தோனேசியா இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. அரசே மானியத்தில் மருந்து கொடுத்தும் புகையான் நாட்டையே சுருட்டியது. 1986-இல் 57 வகைப் பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குத் தடை செய்துவிட்டு, விவசாயிகளை வயலில் உட்காரவைத்து எது எதைத் தின்கிறது என்று பார்க்கப் பழக்கினார்கள்.

செய்ய வேண்டியது சுலபம்தான்: எட்டடிக்கு ஓரடி இடைவெளி (பட்டம்) விட்டு நடுங்கள், காற்றும் வெயிலும் தூருக்குப் போகட்டும். புகையான் தெரிந்தால் தண்ணீரை வடியுங்கள். யூரியாவைப் பிரித்துப் போடுங்கள். மருந்துக் கடைக்குப் போகும் முன் பத்துக் குத்தையாவது விலக்கி, புகையான் எத்தனை, சிலந்தி எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

ஒட்டுண்ணி அட்டை கட்டச் சொல்கிறார்களே, பூச்சியைக் காசு கொடுத்து வாங்கிவந்து விடுவதா?

ஆமாம். டிரைக்கோகிரம்மா என்ற குளவி உள்ளே வளரும் முட்டைகளை ஒட்டிய காகிதத் துண்டுதான் அந்த அட்டை. குளவி கண்ணுக்குப் புள்ளி அளவுதான் தெரியும். குருத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப்புழு ஆகியவற்றின் அந்துப்பூச்சி இட்ட முட்டைக்குள் இது தன் முட்டையை வைக்கும். புழு வரவேண்டிய இடத்தில் குளவி வரும். அட்டையைக் கட்டிவிட்டு மறுநாளே மருந்து அடித்தால் அட்டைக் காசும் போச்சு, மருந்துக் காசும் போச்சு.

எலித் தொல்லைக்கு ஆந்தை போதுமா?

ஆந்தை மட்டும் போதாது. ஆந்தை இல்லாமலும் முடியாது. எலி மூன்று வாரத்தில் குட்டி போடும், ஒரு ஈற்றுக்கு ஆறு ஏழு. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில்தான் அதன் பெருக்கம் உச்சத்தில் இருக்கும். தண்டைக் கத்தியால் சாய்த்து வெட்டியது போல வெட்டிவிட்டு, கதிரை வளைக்குள் அடுக்கி வைக்கும். பஞ்ச காலத்தில் அந்த வளையைத் தோண்டி எடுத்த நெல்லில் உலை வைத்த குடும்பங்கள் இங்கே உண்டு.

கூகை என்ற ஆந்தை இரவில் வரப்போரம் உட்கார்ந்து காது கொடுத்தே எலியைப் பிடித்துவிடும். அதற்கு உட்கார இடம் வேண்டும். தென்னை மட்டையைத் தலைகீழாக வயலில் ஆங்காங்கே நட்டுவைக்கும் பழக்கம் அதற்காகத்தான். பகலில் அதே மட்டையில் கரிச்சான் உட்கார்ந்து அந்துப்பூச்சி பிடிக்கும். ஒரு மட்டையில் இரண்டு ஷிப்ட்! கதிர் முற்றும்போது மட்டையைப் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் நெல் தின்னும் குருவிக்கும் அதுவே இருக்கை. சாக்குருவி என்று சொல்லிக் கூகையைக் கல்லால் அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பழி அதற்கு வேண்டாம்.

சாரையும் நல்ல பாம்பும் எலி வளைக்குள்ளேயே போகும் வேட்டைக்காரர்கள். இவற்றோடு மூங்கிலில் செய்த தஞ்சாவூர்க் கிட்டி என்ற எலிப்பொறியும், வளை தோண்ட இடம் கொடுக்காத சிறு வரப்பும் சேர்ந்தால்தான் எலி கட்டுக்குள் நிற்கும். பக்கத்து வயல்காரர்களும் ஒரே நேரத்தில் கிட்டி வைக்க வேண்டும். நீங்கள் மட்டும் வைத்தால் அங்கிருந்து எலி இங்கே வந்துவிடும்.

ஒரு விஷயம். வளையில் நல்ல பாம்பும், அறுவடை நேரத்தில் கண்ணாடிவிரியனும் இருக்கும். இரவில் டார்ச் இல்லாமல் வரப்பில் நடக்காதீர்கள். கடித்தால் கட்டுப்போடுவது, கீறிவிடுவது எதுவும் வேண்டாம். நேரே அரசு மருத்துவமனைக்கு.

வடுவூர் ஏரிப் பறவைகள் நம் வயலில் மேய்ந்து நஷ்டம் உண்டாக்குகின்றனவா?

நடவான புதிதில் கூட்டமாக இறங்கினால் நாற்று மிதிபடும், அது உண்மை. ஆனால் நத்தைகுத்தி நாரை வருவது நெல்லுக்காக அல்ல, நத்தைக்காக. அதன் அலகு நடுவில் இடைவெளியோடு இருக்கும். நத்தையின் சதையை ஓட்டிலிருந்து உருவி எடுக்க அது தோது. கொக்கும் அரிவாள்மூக்கனும் நண்டு, வெட்டுக்கிளி, புழுவைத் தேடுகின்றன. உழவு ஓட்டும் டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்கு வரிசை கட்டிப் போவதை எல்லோரும் பார்த்திருப்போம். மரத்தடியில் விழும் எச்சம் ஏரித் தண்ணீரில் கலந்து, மதகு வழியாகப் பாசனத்துக்கு உரமாக வருகிறது. வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. இரண்டுமே பாசன ஏரிகள்தான். ஏரிப் பாசனம் பெறும் ஆயக்கட்டுக்காரர்கள் கரையை உயிரோடு வைத்திருந்ததால்தான் பறவைக்கும் இடம் மிஞ்சியது.

கோடையில் வரும் ஆட்டுக்கிடை, வாத்துக்கூட்டம் எல்லாம் வெறும் வியாபாரம்தானே?

வியாபாரம்தான், அதனால்தான் இத்தனை காலம் நின்றிருக்கிறது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் என்ற ஆடு மேய்ப்பவர்கள் ஆடுகளை ஓட்டிவருவார்கள். அங்கே புல் காய்ந்திருக்கும் நேரத்தில் இங்கே அறுத்த தாளும் வரப்புப் புல்லும் இருக்கும். இரவில் வயலில் கிடை போட்டால் புழுக்கையும் மூத்திரமும் அங்கேயே விழும். வாத்துக்காரருக்கு உதிர்ந்த நெல்லும் நத்தையும் தீவனம். இரண்டு பக்கமும் கொடுக்கல் வாங்கல்.

மண்ணுக்குள்ளும் இதே பேச்சுதான். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாளைக்கு முன்பு நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தைத் தெளிக்கிறோம். உழவில்லை, பாசனமில்லை, மிச்ச ஈரத்திலும் பனியிலும் வளரும். ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள், கடுகளவு முடிச்சுகள் இருக்கும். நகத்தால் நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. வயல்நீரில் மிதக்கும் அசோலாவின் இலைக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப்பாசியும் இதே வேலையைச் செய்கிறது.

வைக்கோலையும் தாளையும் எரித்தால் சாம்பல் உரம்தானே?

சாம்பலில் பொட்டாஷ் இருக்கும். நைட்ரஜன் புகையாகப் போய்விடும். அதைவிட, தாளை மட்கவைக்கும் பூஞ்சைக்கும் மண்புழுவுக்கும் சாப்பாடு இல்லாமல் போகும். சிதைப்பவை பட்டினி கிடந்தால் அடுத்த போகத்துக்கு நீங்கள்தான் மூட்டை மூட்டையாக வாங்கிப் போட வேண்டும்.

ஏதோ ஒரு இனம் போனால் என்ன, வேறொன்று அந்த வேலையைச் செய்யாதா?

சில வேலைக்கு மாற்று ஆள் உண்டு, சிலவற்றுக்கு இல்லை. ஒரு வகைச் சிலந்தி போனால் இன்னொரு வகை வரலாம். தவளை அப்படியில்லை. தலைப்பிரட்டையாக இருக்கும்போது பாசியைத் தின்று தண்ணீரில் வாழும்; வளர்ந்தபின் பூச்சியைத் தின்னும்; பாம்புக்கும் நாரைக்கும் விராலுக்கும் இரையாகும். தண்ணீருக்கும் கரைக்கும் நடுவே இத்தனை பேரோடு பிணைப்புள்ள உயிர் குறைவு. ஏற்றுமதிக்காகத் தவளைக்கால் வெட்டுவதை இந்தியா 1987-இல் நிறுத்தியதற்குப் பூச்சிப் பெருக்கம் பற்றிய கவலையும் ஒரு காரணம்.

ஆகாயத்தாமரை, காட்டாமணக்கு, சீமைக்கருவேலம் இவையும் உயிர்கள்தானே, ஏன் பிடுங்கச் சொல்கிறீர்கள்?

மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. அங்கே அவற்றைத் தின்று அடக்கிவைத்த பூச்சியும் நோயும் கூடவே வரவில்லை. வாய்க்காலை மூடிய ஆகாயத்தாமரைக்குக் கீழே வெளிச்சமும் ஆக்சிஜனும் இல்லாமல் மீன் செத்துவிடும். நெய்வேலிக் காட்டாமணக்கை ஆடுமாடு தொடாது. வெட்டிப் போட்ட தண்டே வேர்விட்டுவிடும். கோடியக்கரையில் சீமைக்கருவேலக் காயை வெளிமான் தின்று, சாணத்தின் வழியே விதையைப் பரப்புகிறது. தனக்கு வேண்டிய புல்வெளியைத் தானே மூடிக்கொள்கிறது, பாவம்.

குளத்தில் ஆப்பிரிக்கக் கெளுத்தி விடுவது தடைசெய்யப்பட்ட ஒன்று. லாபம் என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள். வெள்ளத்தில் ஒரு குளம் உடைந்தால் அது ஆற்றுக்கே போய்ச் சேரும்.

கடலுக்குப் போகும் காவிரித் தண்ணீர் வீண்தானே?

மேடைக்கு மேடை இதைச் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

கோரையாறும் பாமணியாறும் கடலைத் தொடும் முத்துப்பேட்டையில் அலையாத்திக் காடு (மாங்குரோவ்) இருக்கிறது. சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. அதனால் மரம் பென்சில் பென்சிலாக மூச்சுவேரை மேலே நீட்டும். உப்பை இலை வழியாக வெளியே தள்ளும். வெயில் நேரத்தில் இலையை நக்கிப் பார்த்தால் கரிக்கும். ஆனாலும் உப்பைத் தாங்குவதற்கு ஓர் எல்லை உண்டு. நன்னீர் குறைந்தால் கன்று பிழைக்காது, சேறு உப்புத்தரையாகிவிடும். உதிரும் இலையைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் மட்கவைக்க, அதை நண்டும் இறால்குஞ்சும் தின்ன, அவற்றைக் கொடுவா மீன் தின்ன, கடைசியில் அது முத்துப்பேட்டை மீன்கடைக்கு வருகிறது. இறால் குஞ்சாக இங்கே வளர்ந்து கடலுக்குப் போவதால், வலைக்காரரின் பாடு கரையிலுள்ள காட்டோடு கட்டப்பட்டிருக்கிறது. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது இந்தக் காடும் பலத்த அடிவாங்கியது. மறுபடி தழைக்க அதற்கு வேண்டியது நன்னீரும் வண்டலும்தான். வண்டலில் பெரும்பகுதி அணைகளுக்குப் பின்னால் தங்கிவிடுகிறது.

இன்னும் கொஞ்சம் வெளியே போனால் பாக் விரிகுடாவின் கடற்புல் படுகை. ஆவுளியா என்ற கடற்பசு மேய்வது அங்கேதான். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் அதுதான் முதல். கடற்புல்லுக்கு வெளிச்சம் வேண்டும், தெளிந்த நீர் வேண்டும். நாம் வயலில் போடும் உரம் வடிகால் வழியாகக் கடலுக்குப் போய்ப் பாசியைப் பெருக்கினால் புல்லின்மேல் நிழல் விழும். மேல்தண்ணீர் கடலுக்கு நல்லதையும் கொண்டுபோகும், கெட்டதையும் கொண்டுபோகும்.

அப்புறம், ஆற்றுநீர் கடலை எதிர்த்துத் தள்ளாவிட்டால் கடல் உள்ளே வரும். கடைமடை ஊர்களில் அடிபம்புத் தண்ணீர் உப்பாகியிருப்பதைக் குடித்தவர்களைக் கேளுங்கள், வீண் என்ற சொல்லை அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்ட எங்கே, எப்போது போகலாம்?

வடுவூருக்கு டிசம்பர், ஜனவரியில், காலை ஏழு மணிக்கு முன்போ மாலை ஐந்துக்கு மேலோ. கோடியக்கரைக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை. 1967-இல் வெளிமானுக்காக ஏற்பட்ட சரணாலயம், பூநாரையும் வடக்கே தொலைதூர நாடுகளிலிருந்து வரும் உள்ளான்களும் அப்போது இருக்கும். உப்பளப் பக்கம் நிழலே கிடையாது, தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். முத்துப்பேட்டைக் காட்டுக்குள் படகில் போக வனத்துறை அனுமதி வேண்டும், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இதற்கெல்லாம் வசதிப்படாவிட்டால் நடவு முடிந்து ஒரு மாதமான ஏதாவது ஒரு வயல் போதும். வயல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரப்பில் அரைமணி நேரம் குந்தியிருந்து தூரடியைப் பார்க்கச் சொல்லுங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லாதீர்கள், நத்தை ஓடு காலைக் கிழிக்கும்.